திருநீறு பூசிய கட்டி

முதலில் வந்தது நாற்றம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு நாற்றம் புதிதில்லை. சுக்கு, மிளகு, கருவாடு, கால்வாய் என்று ஆளுக்கொரு முறை வைத்து மூக்கைத் துளைக்கும் தெரு அது. ஆனால் அன்று காலை டாக்டர் சுதீரின் லேப் கதவைத் திறந்ததும் வந்தது வேறு ரகம். கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவியது போல எரிந்தது.

பார்மலின்!

பெருக்க வந்த சரோஜம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

“அய்யோ... அனீஷு...!”

லேப் டெக்னீஷியன் அனீஷ் தரையில் மண்டியிட்டிருந்தான். அவன் தலை ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள் இருந்தது.

ஆபரேஷனில் வெட்டியெடுத்த உறுப்புகளை அழுகாமல் பார்மலினில் ஊறப்போடும் டிரம். யாரோ ஒருத்தியின் கர்ப்பப்பை, யாரோ ஒருவரின் குடல், பெயர் தெரியாத ஏதோ ஒன்று... அவற்றோடு அனீஷின் முகமும் ஊறிக்கொண்டிருந்தது.

சரோஜம்மாவின் அலறல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

*

இன்ஸ்பெக்டர் சுமா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மாநகராட்சியில் சாக்கடை அள்ளியவர். அதனால் சாக்கடை அவளுக்குப் பழக்கம். மனிதர்கள்தான் இன்னும் பழகவில்லை.

“யூசுப்... எங்கே போனீரு?”

வாசலில் குனிந்து நின்ற ஏட்டு யூசுப் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மேடம்... காலைல புட்டும் கடலையும் தின்னது தப்பாப் போச்சு.”

“அது எனக்கும் தெரியுது. தள்ளி நின்னு வாந்தி எடும்.”

அனீஷைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். முகம் வெளுத்து, விறைத்து, அவித்த முட்டை போல இருந்தது. பின்கழுத்தில் விரல் தடங்கள். யாரோ பிடித்து அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கிப் பிடித்துக்கொண்டே, அவன் துடித்து அடங்கும் வரை நின்றிருக்கிறார்கள்!

சீ!

“மேடம், வலது கையைப் பாருங்க.”

இறுக மூடியிருந்தது கை. பிரித்தார்கள். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதில் மெழுகு. மெழுகுக்குள் நகக்கண் அளவில் ஒரு சதைத் துணுக்கு. சட்டத்தின் ஓரத்தில் பெயரும் நம்பருமாக ஒரு ஸ்டிக்கர்.

இசக்கிசெல்வி.

மெழுகின் முதுகில் ஏதோ வெள்ளையாக அப்பியிருந்தது.

“போதைப் பொடியா இருக்குமோ, மேடம்?”

“பாக்கலாம். கவர்ல போடும்.”

அப்போது சென்ட் வாசனை முன்னால் வர, பின்னால் டாக்டர் சுதீர் வந்தார். லேப்பின் முதலாளி. செத்துக் கிடந்தவனைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார்.

“மேடம், டி.வி.க்காரங்க வர்றதுக்கு முன்னே பாடியை எடுக்கலாமோ? பேஷண்ட்ஸ் வர்ற நேரம்.”

சுமாவுக்கு உள்ளங்கை அரித்தது. அடக்கிக்கொண்டாள்.

“உங்ககிட்ட வேலை பார்த்தவன் செத்துக் கிடக்கான் டாக்டர்.”

“சங்கடம்தான் கேட்டோ... பட்சே லேப்போட பேரும் நோக்கணும்லோ.”

“இது என்ன?” கவரை நீட்டினாள்.

“கட்டியிலருந்து எடுத்த சதை. மெழுகுல பதிச்சு வச்சா எத்தனை வருஷமும் கெடாது. இதுலருந்துதான் தோல் மாதிரி சீவி டெஸ்ட் பண்றது.” ஸ்டிக்கரைப் பார்த்தார். “ஆங்... இந்தப் பொண்ணா! இவளோட ஹஸ்பண்ட் முந்தாநேத்து வந்து பெரிய பகளம் உண்டாக்கினான். ‘என் பெண்டாட்டியைக் கொல்றீங்களா’ன்னு அனீஷோட சட்டையைப் பிடிச்சான். ஒரு தமிழன்... காய்கறி வண்டிக்காரன். பேரு அழகர்.”

“கேமரா?”

“கேடு ஆயி. ரிப்பேர் பண்ணணும்.”

“எப்ப கெட்டுப்போச்சு?”

டாக்டர் சுதீர் கூரையைப் பார்த்தார். போன ஓணத்துக்கு முந்தியா பிந்தியா என்று கூரைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

*

ஜீப்பில் ஏறும்போதே செல்போன் அடித்தது. மேலதிகாரி.

“சுமா, அந்தப் பாண்டிக்காரனைத் தூக்கியாச்சா?”

பாண்டி! தமிழர்களை ஏசும் சொல்லை, தமிழ் வீட்டில் பிறந்த ஒரு இன்ஸ்பெக்டரிடம் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறார் மனுஷன்.

“விசாரிக்கப் போறேன் சார்.”

“விசாரிக்க என்ன இருக்கு? சண்டை போட்டிருக்கான். செத்தவன் கையில அவன் பெண்டாட்டி பேரு. தூக்கி உள்ளே போடு.”

“ஷெரி சார்” என்றாள். போனை அணைத்ததும் ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

பள்ளுருத்தியில் ஓட்டு வீட்டை நாலாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரு தடுப்பில் இசக்கிசெல்வி படுத்திருந்தாள். எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவியவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது.

அவள் முகத்தைப் பார்த்து யூசுப் தன்னையறியாமல் ஒரு அடி பின்வாங்கினார்.

முகம், கழுத்து, மார்பு எங்கும் சீழ்க் கொப்புளங்கள். நகக்கண்கள் புடைத்துச் சிவந்து கசிந்துகொண்டிருந்தன.

“கிட்ட வராதிய மேடம்... நாத்தமடிக்கும்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். துணியில் ரத்தம்.

வாசலில் நின்ற அழகர் வந்து வேறு துணியை நீட்டினான்.

“அனீஷைக் கொன்னுட்டாங்க அழகர். நீங்கதான்னு சொல்றாங்க.”

“கொன்னுட்டாவளா?” அவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். “எம்மா... அந்தத் தம்பிதான மேடம் எங்ககிட்ட மனுசனாப் பேசுனது!”

“அவன் சட்டையைப் பிடிச்சீங்களே?”

“பிடிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். இவளுக்கு நெஞ்சுல கட்டி. பீடியைத் தொட்டதில்ல, வெத்தலை போட்டதில்ல... வந்துட்டு. டெஸ்ட் பண்ணி, தெனம் ஒரு மாத்திரை குடுத்தாவ. இதான் இந்தக் கட்டிக்குப் பூட்டுக்கேத்த சாவின்னாவ. முழுங்க முழுங்க இவ பாடு இப்படி ஆவுது. வயித்தால போவுது. கட்டி மட்டும் வளருது! கோவத்துல போய் கத்திட்டேன். அந்தத் தம்பி கோவிக்கல. ‘அண்ணாச்சி, அக்காவோட சதை வச்ச மெழுகுக் கட்டையை நானே எடுத்து இன்னொரு தரம் பாக்குதேன்’னு சொல்லிச்சு.”

“பாத்தானா?”

“நேத்து சாயங்காலம் போன் பண்ணிச்சு. ‘அண்ணாச்சி, தப்பு நடந்திருக்கு, அக்காவைப் பொழைக்க வைக்கலாம், நாளைக்குச் சொல்லுதேன்’னுச்சு. அதுக்குள்ள...”

இசக்கிசெல்வி படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“மேடம், இவுகளை ஜெயில்ல போட்டா எனக்குக் கஞ்சி வச்சுத் தர ஆளில்ல. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

அழகரைக் கைது செய்தால் கேஸ் முடிந்துவிடும். இவள் இந்தத் தப்பான மாத்திரையைத் தின்றே செத்துப்போவாள். பத்திரிகையில் நாலு வரி வரும். மேலதிகாரிக்குப் பாராட்டு வரும்.

சுமாவுக்கு வாய் கசந்தது.

“யூசுப், வண்டியை எர்ணாகுளத்துக்கு விடச் சொல்லும்.”

“மேடம், இவனைக் கைது...?”

“செத்தவன் கையில ஒரு கட்டையைப் பிடிச்சிட்டு செத்திருக்கான். முதல்ல அது யாரோடதுன்னு பாப்போம்.”

“பேரு எழுதியிருக்கே, மேடம்!”

“மருந்துக் கடையில விக்கிற மருந்துலகூடப் பேரு எழுதியிருக்கு. எல்லாம் மருந்தா?”

*

டாக்டர் பாக்கியலக்ஷ்மி எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் டாக்டர். இசக்கிசெல்விக்கு மாத்திரை எழுதியவர் அவர்தான். சுமா கொடுத்த மெழுகுக் கட்டையைத் தன் மேற்பார்வையிலேயே சோதிக்கச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. டாக்டர்தான்.

“இன்ஸ்பெக்டர்... உடனே வாங்க.”

போனார்கள்.

“உங்க கட்டையில இருந்த சதை இசக்கிசெல்வியோடது இல்லை.”

“அப்புறம்?”

“அது ஒரு ஆம்பளையோடது!”

யூசுப் வாயிலிருந்த சாயாவை விழுங்க மறந்தார்.

“அனீஷோட லேப்லருந்து இசக்கிசெல்வி கட்டை வந்த வாரம் நுரையீரல் கட்டி எத்தனை வந்தது டாக்டர்?”

“அதைத்தான் நானும் பார்த்தேன். இரண்டே பேர். ஒண்ணு இசக்கிசெல்வி. இன்னொண்ணு ரங்கசாமி. மட்டாஞ்சேரியில மிளகு, சுக்கு ஏற்றுமதி பண்றாரே, அவர். அவரும் என் பேஷண்ட்தான். அவர் பேர்ல இருக்கிற கட்டையையும் சோதிச்சேன்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அது ஒரு பொம்பளையோடது.”

மாற்றியிருக்கிறார்கள்! இரண்டு நோயாளிகளின் சதையை, ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்டி, இடம் மாற்றியிருக்கிறார்கள்!

“மாத்தினா என்ன ஆகும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.”

“கட்டின்னா அது மட்டும் தனியா உக்காந்திருக்காது மேடம். அதுக்கு ஒரு அக்கம்பக்கம் உண்டு. அந்த அக்கம்பக்கம் எப்படின்னு பாத்துத்தான் ஆள் பிழைப்பாரா, எந்த மருந்து கேக்கும்னு ஓரளவுக்குச் சொல்றோம். சில கட்டிக்குள்ள நம்ம உடம்போட எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமா நுழைஞ்சிருக்கும். ஆனா கட்டி அதுங்களை மயக்கிப் போட்டிருக்கும். இப்ப ஒரு ஊசி மருந்து வந்திருக்கே, அது கட்டியைக் கொல்லாது. மயங்கிக் கிடக்கிற அணுக்களைத் தட்டி எழுப்பும். அதுங்க கொல்லும்.”

“உள்ளே அணுவே இல்லாத கட்டியா இருந்தா?”

“யாரைத் தட்டி எழுப்புறது? ஊசி பெரும்பாலும் வீண்தான்.”

“இந்த ரெண்டு பேர்ல யாருக்கு உள்ளே கூட்டம்?”

“இசக்கிசெல்விக்கு. நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. இவ்வளவு நல்ல அக்கம்பக்கத்தை நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு. அவங்களுக்கு அந்த ஊசி கிடைச்சிருக்கணும். ஆனா அது ரங்கசாமிக்குப் போயிட்டிருக்கு!”

“அவருக்குக் கேக்குதா?”

“இல்லை. கட்டி பெரிசாகுது. இந்த ஊசியில சில பேருக்கு முதல்ல வீங்கி அப்புறம் அடங்கும். அப்படித்தான் இருக்கும்னு காத்திருந்தேன்... எனக்கே என் மேல வெறுப்பா இருக்கு.”

பணக்காரன் பிழைக்க வேண்டும் என்று ஒரு பாத்திரம் கழுவுகிறவளின் சதையைத் திருடியிருக்கிறார்கள். நகை திருடலாம், மாடு திருடலாம். நோயைக்கூடவா திருடுவார்கள்?

“டாக்டர், இசக்கிசெல்விக்கு ஊசியை எப்ப ஆரம்பிப்பீங்க?”

“அந்த மாத்திரையோட வேகம் உடம்பைவிட்டு இறங்கணும். இப்பவே நிறுத்தச் சொல்லிட்டேன். ஆனா மேடம்... இன்னொண்ணும் இருக்கு.”

டாக்டர் குரலைத் தாழ்த்தி அந்த இன்னொன்றைச் சொன்னார்.

சுமா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“ஒரு தடவை மறுபடி சொல்லுங்க.”

சொன்னார்.

சுமா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். போனை எடுத்து, அனீஷின் லேப் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது என்றாள்.

*

வெள்ளைப் பொடியின் ரிப்போர்ட் வர நாலு நாள் ஆனது.

சாம்பல்! சாணிச் சாம்பல்!

யூசுப் தலையைச் சொறிந்தார். “சாணியை எரிச்ச சாம்பல் லேப்ல எதுக்கு மேடம்?”

சுமா மிச்சப் பொடியோடு திரும்பி வந்த கவரைப் பிரித்து முகர்ந்தாள். மெல்லிய ஜவ்வாது வாசனை.

“திருநீறு, யூசுப்!”

“கட்டிக்குத் திருநீறா?”

“சரோஜம்மாவைக் கூப்பிடும்.”

சரோஜம்மா வந்தாள். கேட்டதும் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

“ரெண்டு மூணு மாசம் முந்தி ரங்கசாமி சாரோட மகன் வந்ததாக்கும் மேடம். வெங்கிட்டு. அப்பா மேல உயிரு. கோயில்லருந்து திருநீறு கொண்டுவந்து, ‘எங்கப்பாவோட சதைக்கு ஒரு பூஜை பண்ணிக்கிறேன்’னு அனீஷுகிட்டக் கெஞ்சினாரு. நான் பாத்துட்டு நின்னேன். எனக்கே கண்ணு நிறைஞ்சுபோச்சு. அனீஷு அப்பாவோட கட்டையை எடுத்து அவரு கையில வச்சான். அவரு நெத்தியில வச்சுக் கும்பிட்டு, திருநீறைப் பூசி அழுத்தினாரு. அப்புறம், ‘ஒரு நிமிஷம் தனியா விடுங்க, நான் மந்திரம் சொல்லணும்’னாரு. நாங்க ரெண்டு பேரும் வெளியே வந்துட்டோம்.”

“மத்தக் கட்டையெல்லாம் எங்கே இருந்தது?”

“அதே மேசை மேலதான். எர்ணாகுளம் பெரிய லேப்புக்கு அனுப்ப எடுத்து வச்சிருந்தான்.”

சுமா மெல்லச் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

“புரியுதா யூசுப்? சரோஜம்மா கண்ணெதிரே திருநீறு பூசினது அப்பாவோட கட்டைக்கு. இப்ப திருநீறோட இருக்கிற கட்டையில பேரு இசக்கிசெல்வி. அப்படின்னா பேரு எப்ப மாறிச்சு?”

“பூஜைக்கு அப்புறம்!”

“அப்ப தனியா இருந்தது யாரு?”

யூசுப் தொப்பியை எடுத்து மாட்டினார்.

“வண்டி எடுக்கச் சொல்றேன், மேடம்.”

*

ரங்கசாமியின் கோடவுனில் சுக்கு மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்தத் தெருவில் பாதி கோடவுன்கள் ஹோட்டலும் காபிக் கடையுமாக மாறிவிட்டன. வெள்ளைக்காரர்கள் நூற்றாண்டு தூசியோடு காபி குடிக்க வருகிறார்கள். ஹோட்டல்காரன் கேட்டும் ரங்கசாமி கொடுக்கவில்லை என்று தெருவில் பேச்சு; இது மட்டும் இன்னும் மூட்டை சுமக்கிறது.

வெங்கிட்டு எழுந்து வந்தான். நெற்றி நிறையத் திருநீறு. கண்கள் ரத்தச் சிவப்பு.

“அழுதீங்களா?”

“அப்பாவை நெனச்சா தாங்க முடியலை மேடம். அதோட சுக்குத் தூசி வேற...”

“கையைக் கொடுங்க.”

“எதுக்கு?”

“கொடுங்கன்னா கொடுக்கணும்.”

சுமா அவன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். தோல் வெளுத்துத் தடித்து, காய்ந்த ரப்பர் போல விறைத்திருந்தது. அனீஷின் முகத்தில் பார்த்த அதே வெளுப்பு.

“சுக்குத் தூசி தும்மல் வர வைக்கும். தோலை இப்படி அவிக்காது. பார்மலின்தான் அவிக்கும்.”

வெங்கிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

“ஸ்டிக்கரை மாத்தினேன் மேடம்... ஒத்துக்கிறேன்! அந்தப் பொண்ணோட கட்டிதான் புது ஊசிக்குப் பொருந்தும்னு அனீஷ் சொன்னான். எங்கப்பா சாகுறதை எப்படிப் பாத்துட்டு இருப்பேன்? நீங்க எனக்கு என்ன தண்டனை வேணா கொடுங்க. அப்பாவுக்காகப் பண்ணினேன்!”

“அனீஷ்?”

“அவன் மிரட்டினான். தள்ளினேன். டிரம்ல விழுந்துட்டான். தூக்கப் போனேன். அதுல கை பட்டுச்சு. பயந்து ஓடிட்டேன். கொல்லணும்னு நினைக்கலை... அப்பா மேல சத்தியம்!”

யூசுபின் கண்கூடக் கலங்கிவிட்டது. சொந்த அப்பாவுக்காக! யாராயிருந்தாலும் ஒரு நிமிடம் தயங்குவார்கள்.

சுமா தயங்கவில்லை.

“ஜீப்பில ஏறு. உங்கப்பாகிட்டப் போவோம்.”

“வேண்டாம் மேடம்... அவருக்குத் தெரிஞ்சா...”

“தெரியணும்.”

*

ஆஸ்பத்திரியின் ஏ.சி. அறை. ரங்கசாமி தலையணையில் சாய்ந்திருந்தார். கையில் குளுக்கோஸ் குழாய். டாக்டர் பாக்கியலக்ஷ்மி பக்கத்தில் நின்றார்.

வெங்கிட்டு ஓடிப்போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அழுதான். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னான்.

கிழவர் அதிர்வார் என்று யூசுப் எதிர்பார்த்தார்.

கிழவரின் முகம் மலர்ந்தது!

“எனக்காகவாடா? எனக்காகவா திருடினே?” மகன் தலையைத் தடவினார். “இன்ஸ்பெக்டர், இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? பெரிய வக்கீலை வச்சு இவனை வெளியே எடுப்பேன், பாத்துக்குங்க.”

“அந்தப் பொம்பளை சாகக் கிடக்கா சார்.”

“எந்தப் பொம்பளை?”

“உங்க மகன் யாரோட சதையைத் திருடினாரோ, அந்தப் பொம்பளை. இசக்கிசெல்வி.”

“ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவதானே?” கிழவர் உதட்டைப் பிதுக்கினார். “அவ இருந்தா என்ன, போனா என்ன? ஊருக்கு என்ன நஷ்டம்? இவளை மாதிரி பத்துப் பேரு எங்க கோடவுன்ல சுக்கு பொறுக்குறாளுங்க. நான் போனா எத்தனை குடும்பம் நடுத்தெருவுல நிக்கும் தெரியுமா?”

அறையில் பினாயில் வாடை அடித்தது. அதைவிட மோசமான வாடை கட்டிலிலிருந்து வருவதாக சுமாவுக்குப் பட்டது.

அவள் தன் செல்போனை எடுத்தாள்.

“அனீஷோட போனையும் இவன் பார்மலின் டிரம்லயே போட்டுட்டான். புத்திசாலி! ஆனா லேப் டெக்னீஷியன்கள் ரிப்போர்ட்டை எல்லாம் வாட்ஸ்அப்லதான் அனுப்புவாங்க. அதுக்காக லேப் கம்ப்யூட்டர்லயும் எப்பவும் திறந்தே வச்சிருப்பாங்க. அனீஷ் உங்க மகனுக்கு அனுப்பின ஒரு குரல் மெசேஜ் அதுல இருந்தது. இந்தப் பூஜைக்கு முந்தின நாள் அனுப்பினது. கேளுங்க.”

வெங்கிட்டுவின் அழுகை சட்டென்று நின்றது.

செத்தவன் குரல் அறையில் பேசியது. உற்சாகமான குரல்.

“வெங்கிட்டு சேட்டா, சந்தோஷமான வார்த்தை! அப்பாவோட கட்டியில நம்ம லேப்லயே அவசர டெஸ்ட் போட்டேன். அது மாத்திரைக்குக் கேக்குற கட்டி! ஊசி ஒண்ணும் வேண்டா. தினம் ஒரு மாத்திரை... கட்டி சுருங்கும், வருஷக்கணக்கா நல்லா இருப்பாரு. நாளைக்குக் கட்டையை எர்ணாகுளத்துக்கு அனுப்பறேன். இனி பயப்படண்டா!”



ரங்கசாமி விழித்தார். “என்ன... என்ன சொல்றான்?”

“டாக்டர், நீங்க சொல்லுங்க” என்றாள் சுமா. “அன்னிக்கு என்கிட்டக் குரலைத் தாழ்த்திச் சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் உரக்க.”

பாக்கியலக்ஷ்மி கிழவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“சில கட்டியில ஒரு ஜீன் கெட்டுப்போயிருக்கும். அதுக்குள்ள எதிர்ப்பு அணுக்கள் பெரும்பாலும் போகாது. அதனால ஊசி கேக்காது. ஆனா அதுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு. ரொம்ப நல்லாக் கேக்கும். உங்களுடையது அந்த வகை, சார். உங்க நிஜமான சதை எனக்கு வந்திருந்தா, இந்நேரம் நீங்க கோடவுன்ல உக்காந்து வியாபாரம் பாத்துட்டு இருப்பீங்க.”

“அப்ப... இவன் மாத்தினது...”

“உங்களைப் பிழைக்க வைக்க இல்லை” என்றாள் சுமா. “பிழைக்கிற வழி உங்களுக்கு வந்துட்டுதுன்னு தெரிஞ்ச மறுநாளே மாத்தியிருக்கான். விஷம் வச்சா போலீஸ் வரும். கேக்காத மருந்தைக் கொடுத்தா யாரு வருவா? புற்றுநோய்ல செத்தாருன்னு கொள்ளி வச்சுட்டுப் போயிடலாம். அந்தக் கோடவுனை ஹோட்டல்காரன் கேட்டானே... நீங்க கொடுக்க மாட்டேன்னீங்களே?”

கிழவரின் வாய் திறந்தபடியே இருந்தது. மெல்லத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார்.

வெங்கிட்டுவின் முகத்தில் இப்போது கண்ணீர் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

“எத்தனை வருஷம்தான் சுக்கு மூட்டை எண்ணிட்டு இருக்கிறது?” என்றான் கரகரத்த குரலில். “நீங்களும் விக்க மாட்டீங்க, சாகவும் மாட்டீங்க! எனக்கு நாப்பது வயசு!”

“அனீஷ்?”

“அவன்... அந்தத் திருநீறைப் பாத்துட்டுக் கூப்பிட்டான். ‘சேட்டா, அப்பாவுக்குப் பூசினது அக்கா கட்டையில எப்படி வந்தது’ன்னு! நேரா டாக்டரம்மாகிட்டப் போறேன்னான். வேற வழி?”

யூசுப் அவன் பின்கழுத்தைப் பிடித்தார். அனீஷின் கழுத்தில் தடம் இருந்த அதே இடம். சற்று அழுத்தமாகவே பிடித்தார். சுமா அதைப் பார்க்காதது போல விலங்கை எடுத்து நீட்டினாள்.

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிழவரும் கூப்பிடவில்லை.

கூப்பிடுவார், அழுவார், குறைந்தபட்சம் ஒரு சாபமாவது விடுவார் என்று சுமா காத்திருந்தாள்.

ரங்கசாமி டாக்டரின் கையைப் பிடித்தார்.

“டாக்டரம்மா... அந்த மாத்திரை... இப்ப கொடுத்தாலும் எனக்குக் கேக்குமா?”

மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

“கேக்க வாய்ப்பு இருக்கு. ஆனா உடனே கொடுக்க முடியாது. இந்த ஊசி உடம்புல இருக்கும்போது அதையும் கொடுத்தா நுரையீரல் பழுத்துடும். கொஞ்சம் காத்திருக்கணும்.”

“காத்திருக்கேன், காத்திருக்கேன்! மாத்திரையை இப்பவே வாங்கி வச்சுக்கிறேன். எங்கே கிடைக்கும்?”

“இங்கே இப்ப ஸ்டாக் இல்லை. வெளியிலருந்து வரணும். எழுதிப் போட்டிருக்கேன்.”

“அதுவரைக்கும்? கட்டி வளருமே! பக்கத்துல யார்கிட்டயாவது இருக்குமே, கேட்டுச் சொல்லுங்களேன்! இன்ஸ்பெக்டர், நீங்களாவது...”

சுமா கதவருகே நின்று திரும்பினாள். எதிர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இசக்கிசெல்வி தெரிந்தாள். ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொப்புளம் கொஞ்சம் காய்ந்திருந்தது. ரத்தம் சரியாக இருந்தால் நாளைக்கே அவளுக்கு முதல் ஊசி. அழகர் அவள் பக்கத்தில் நின்று தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

“ஒரு இடத்துல இருக்கு சார். பாதி டப்பா அப்படியே இருக்கு. உங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாத்திரை.”

“எங்கே? சொல்லுங்க! யார் வீட்ல?”

“எதிர் ரூம்ல இருக்காளே, அந்த இசக்கிசெல்வி வீட்டு அலமாரியில. நல்ல மனுஷி... கேட்டா கொடுத்தாலும் கொடுப்பா. ஆனா சும்மா போய்க் கேக்காதீங்க சார். முதல்ல அந்த வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, அப்புறமா கேளுங்க!”